எடை குறைந்தது, தோல் சுருங்கவில்லை

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 37, உயரம் 156 சென்டிமீட்டர். பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டாவது சிசேரியன், அப்போதே குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டேன். 16 மாதங்களுக்கு முன்பு மதுரையில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்தார்கள். 114 கிலோ இருந்த நான் இப்போது 69 கிலோ. நான்கு மாதங்களாக எடை மாறவில்லை. சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அடிவயிற்றுத் தோல் பை போலத் தொடைமேல் தொங்குகிறது. மடிப்புக்குள் புண்ணும் வாடையும் இருக்கின்றன. மருந்துக்கடையில் வாங்கிப் போடும் களிம்பு நாலு நாள் கேட்கிறது, பிறகு முன்னைவிட அதிகமாகிறது. கடல்தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று அதிலும் கழுவிப் பார்த்தேன். துணியால் வயிற்றைக் கட்டினால் உள்ளே போய்விடும் என்கிறார் மாமியார். நகரத்தில் ஒரு கிளினிக்கில் வயிறு, கை, தொடை மூன்றையும் ஒரே நாளில் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். தோல் தானாகச் சுருங்குமா? ஆபரேஷன் செய்யலாமா, எப்போது? இன்சூரன்ஸ் கிடைக்குமா? முடி கொட்டுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆசைப்பட்டு இளைத்தேன்; இப்போது கண்ணாடி முன் நிற்கவே கூசுகிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாம்பன்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்னிடம் வரும் பெண்களில் பலர் அந்த வரியைத்தான் தயங்கித் தயங்கி, கடைசியில் எழுந்து போகும்போது சொல்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்ணான உடல் நிறை குறியீடு, 114 கிலோவில் உங்களுக்கு ஏறக்குறைய 47 ஆக இருந்தது, இன்று 28. சர்க்கரை மாத்திரை நின்றிருக்கிறது. இவ்வளவும் நடந்த உடம்பில் தோல் தொங்குவதைக் கண்டு, எங்கோ நாம் தவறு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தொங்குவது பெரும்பாலும் நீங்கள் கரைக்காமல் விட்ட கொழுப்பன்று. 45 கிலோவைப் பல ஆண்டுகள் போர்த்திக் காத்திருந்த தோல் அது. இவ்வளவு எடையை இழந்த எவருக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், ஏதோ ஓர் அளவில் இது வரத்தான் செய்யும்.

தோலின் உறுதிக்குக் கொலாஜன் என்ற நாரும், இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மைக்கு எலாஸ்டின் என்ற நாரும் காரணம். நீண்ட காலம் விரிந்தே இருக்கும் தோலில் இந்த நார்கள் அறுந்தும் மெலிந்தும் போகின்றன. பழைய உள்பாவாடையின் எலாஸ்டிக் நூல் இற்றுப்போனபின் துணி மட்டும் தளர்ந்து நிற்பதைப் போல. வயது, பருமனாக இருந்த ஆண்டுகள், கர்ப்பங்கள், வெயில், புகைப்பழக்கம் எல்லாம் இதில் சேரும். எடை இறங்கத் தொடங்கிய முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் தோல் தன்னால் இயன்ற அளவுக்குச் சுருங்கிக்கொள்கிறது. நீங்கள் 16 மாதங்களைக் கடந்துவிட்டதால், இனிமேல் பெரிதாகச் சுருங்கும் என்று நம்பிக்கை கொடுப்பது நேர்மையாகாது.

உடற்பயிற்சி தோலைச் சுருக்காது. ஆனால் தோலுக்கு அடியில் உள்ள தசையைத் திரட்டும், அதனால் கையும் தொடையும் ஓரளவு நிரம்பித் தெரியும். அதைவிட முக்கியமாக, வேகமாக எடை இறங்கியவர்கள் கொழுப்போடு தசையையும் இழந்திருப்பார்கள், அதை மீட்க வேறு வழியில்லை. எண்ணெய்களும் விளம்பரக் களிம்புகளும் தோலின் வறட்சியைப் போக்குவதோடு சரி. ரேடியோ அலையால் தோலைச் சூடாக்கும் இயந்திரங்கள் இலேசான தளர்ச்சிக்கு மட்டுமே ஓரளவு உதவும். தொடைமேல் விழும் மடிப்புக்கு அதில் பணம் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதற்கு ஓர் அடிப்படை உண்டு, அதை விளக்கினால் அவர் மனமும் நோகாது. பிரசவித்த வயிற்றைத் துணியால் கட்டும் வழக்கத்தில் வயிறு இறங்கியதாகத் தெரிவதற்குக் காரணம், கருப்பை சுமார் ஆறு வாரங்களில் தானாகச் சுருங்குவதுதான். துணி இடுப்புக்குத் தாங்கலாக இருந்தது. இங்கே சுருங்குவதற்குக் கருப்பை இல்லை, சுருங்கும் திறனைத் தோல் இழந்துவிட்டது. மேலும், புண் இருக்கும் மடிப்பை இறுக்கிக் கட்டினால் வியர்வை உள்ளேயே தங்கிப் புண் பெருகும். ஆனால் அந்தப் பழைய வேட்டித் துணியைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

இப்போது புண்ணுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உடனே கவனிக்க வேண்டியது இதுதான், அறுவை சிகிச்சை பிறகு. உங்களைப் போலவே கடற்கரைத் தொழில் செய்யும் ஒரு பெண்ணைப் பரிசோதித்தபோது, அந்த மடிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடியில் தோல் பச்சை மாமிசம் போலச் சிவந்து, ஓரங்களில் வெள்ளையாக ஊறிப்போய், சுற்றிலும் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. மடிப்பின் ஆழத்தில், விரலால் தொட்டால் தட்டுப்படும் அளவுக்கு, உப்புத்துகள் இருந்தது. காலையில் மீனுக்கு உப்புப் போட்ட கையால் அரிப்பைத் தடவியது, உப்புக்காற்று, காய்ந்த வியர்வை எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. தோலோடு தோல் உராயும் இடத்தில் வெப்பமும் ஈரமும் தங்கும்போது பூஞ்சை வளர்கிறது. அந்தச் சிதறிய புள்ளிகள் பெரும்பாலும் காண்டிடா என்ற பூஞ்சையின் அடையாளம். கடல்நீர் காய்ந்தால் மிஞ்சுவது உப்பு. குந்தி உட்கார்ந்து மீன் பரப்பும் ஒவ்வொரு முறையும் அது அந்தப் புண்ணை அரைக்கும். ஆகவே கடல்தண்ணீரால் கழுவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் வாங்கும் ஊர்ப்பக்கம் உங்களுடையது என்பதை மறந்து நான் சொல்லவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் போதும். காலையும் வேலை முடிந்து வந்தபின்னும் மடிப்பைத் தூக்கி, மென்மையான சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்து முழுதும் உலரவிடுங்கள். பிறகு அந்தப் பழைய வேட்டித் துணியைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, நாலு விரல் அகலத்துக்கு மடித்து, தோலும் தோலும் ஒட்டாதபடி மடிப்புக்குள் வையுங்கள். நனைந்ததும் மாற்றுங்கள், வெயில் நாளில் மூன்று நான்கு முறைகூட மாற்ற வேண்டியிருக்கும். பவுடர் வியர்வையில் நனைந்து கட்டி கட்டியாக நிற்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. வயிற்றை இறுக்காமல், மடிப்பை அடியிலிருந்து மேலே ஏந்திப் பிடிக்கும் பருத்தி உள்ளாடை இருந்தால் நடப்பதும் குனிவதும் எளிதாகும்.

நாலு நாள் கேட்டுப் பிறகு அதிகமாகும் அந்தக் களிம்பைப் பற்றிக் கவலைப்படுகிறேன். கடைகளில் அரிப்புக்கென்று கொடுக்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடுவதால் குணமானதுபோல் தெரியும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும், ஏற்கெனவே தளர்ந்த தோல் இன்னும் மெலியும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு ஆணையிட்டது; இருந்தும் அவை கேட்டவுடன் கிடைக்கின்றன. அதை விட்டுவிட்டு ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் போன்ற மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து போடச் சொல்வார். அரிப்பு நின்ற அன்றே நிறுத்தினால் திரும்ப வரும். மாத்திரை நின்றுவிட்டதால் சர்க்கரை போய்விட்டது என்று இருக்க வேண்டாம், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாவிட்டாலும் சொல்கிறேன். எடை இறங்கியபின் சேலை நழுவுகிறதென்று பாவாடை நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்கள். தளர்ந்த தோலில் நாடா பதியும் இடம் கறுத்து, தடித்து, சிலருக்கு வெடித்தும் விடுகிறது. நாடாவுக்குப் பதிலாக அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், கட்டும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள். நாடாக் கோட்டில் மாதக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும்; அரிதாக அது புற்றாக மாறியதுண்டு.

முடி கொட்டுவதும் மூச்சு வாங்குவதும் வேறு கதை என்று நினைத்திருப்பீர்கள். என் கணக்கில், உங்கள் அறுவை சிகிச்சை நாளைத் தீர்மானிக்கப் போவதே அவைதான். ஸ்லீவ் சிகிச்சைக்குப் பிறகு இரைப்பை சிறியது. சாப்பிடும் அளவும் குறைவு, இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, துத்தநாகம் ஆகியவை குறைந்துபோவதும் அடிக்கடி நடப்பது. மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு இரும்புக் குறைவு இன்னும் எளிதில் வரும். இரத்தசோகையோடும் புரதக் குறைவோடும் ஒரு முழ நீளத்துக்கு மேல் வெட்டித் தைத்தால் காயம் கூடாமல் பிளந்துகொள்ளும். உங்களைப் போன்றோருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும்; தோல் அறுவைக்கு முன்னும் பின்னும் அதற்கு மேலும் கேட்போம். தொண்டையில் எளிதாக இறங்குகிறதென்று கஞ்சியும் டீயும் பிஸ்கட்டுமாக நாளைக் கழிப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சிறிய இரைப்பையில் முதலில் போக வேண்டியது மீனும் முட்டையும் பருப்பும், பிறகு காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். சூடையும் நெத்திலியும் கரையிலேயே வாங்கும் உங்களுக்குப் புரத மாவு டப்பா அவசியப்படாது என்றே நினைக்கிறேன். கருவாட்டிலும் புரதம் ஏராளம். உப்பும் ஏராளம் என்பதால் அதைத் தொடுகறியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீவ் செய்தபோது எழுதிக் கொடுத்த சத்து மாத்திரைகளை நிறுத்தியிருந்தால், அந்த மருத்துவரிடம் பேசி மறுபடி தொடங்குங்கள்; அவை ஆயுள் முழுவதற்கும் உரியவை.

அறுவை சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்றால், பொருந்தும். எடை மூன்று முதல் ஆறு மாதங்களாவது ஒரே நிலையில் நிற்க வேண்டும், ஸ்லீவ் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், உடல் நிறை குறியீடு 30ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் நல்லது. இவை மூன்றும் உங்களிடம் இருக்கின்றன. இனிக் குழந்தை வேண்டாம் என்பதும் முடிவாகிவிட்டது. இன்னொரு குழந்தையை எதிர்பார்க்கும் வாசகியர் பிரசவம் முடியும்வரை இதைத் தள்ளிப்போடுவது நல்லது. புகையிலை எந்த வடிவில் இருந்தாலும் முன்னும் பின்னும் நான்கு வாரங்களுக்காவது நிறுத்தியாக வேண்டும்.

அடிவயிற்று மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது ஒரு முறை. டம்மி டக் என்று பலரும் சொல்வது இன்னொன்று. அதில் தோலை மேல்வரை பிரித்துக் கீழே இழுத்து, கர்ப்பத்தில் நடுவே விலகிய வயிற்றுத் தசைகளை நெருக்கித் தைத்து, தொப்புளுக்கு இழுத்த தோலில் புதிதாக இடம் திறந்துவிடுவோம். இரண்டிலும் தழும்பு உங்கள் சிசேரியன் கோட்டை ஒட்டி, ஓர் இடுப்பு எலும்பிலிருந்து மறு இடுப்பு எலும்புவரை ஓடும். பக்கவாட்டிலும் தோல் மிகையாக இருந்தால் நெஞ்சுக்குழிக்குக் கீழே நெடுக்காக இன்னொரு தழும்பும் சேரும். தோலைக் கொடுத்துத் தழும்பை வாங்குகிறோம் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். உங்கள் சிசேரியன் தழும்பைத் தடவிப் பாருங்கள்: அது தட்டையாக, கோடு போல் ஆறியிருந்தால் நல்ல அறிகுறி, கயிறுபோல் தடித்திருந்தால், அல்லது காது குத்திய இடத்தில் கட்டி வந்திருந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள். நம் நிறத்துத் தோலில் தழும்பு தடிப்பது அதிகம். தழும்பை அமுக்கும் சிலிகோன் ஒட்டு போன்றவற்றை உரிய நேரத்தில் தொடங்கலாம். தழும்பின் நிறம் அடங்க ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

அறுவைக்குப் பிறகு முதல் சில நாட்கள் நிமிர முடியாது, முன்பக்கம் சாய்ந்துதான் நடப்பீர்கள். நீர் வடியச் சிறு குழாய்கள் இருக்கும். ஏறக்குறைய ஆறு வாரங்கள் இறுக்க உடை அணிய வேண்டும், அதுவரை மீன் கூடை மட்டுமல்ல, தண்ணீர்க் குடத்தையும் தூக்கக் கூடாது. தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி வரும் தொல்லை, அதை ஊசியால் எடுத்துவிடலாம். காயத்தின் ஓரம் பிரிவது, சீழ் பிடிப்பது, தோலின் ஒரு பகுதி கருகுவது ஆகியவையும் நேரலாம். அஞ்ச வேண்டியது காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதை; அதனால்தான் முதல் நாளிலிருந்தே எழுந்து நடக்க வைப்போம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொப்புளுக்குக் கீழே பல மாதங்கள் உணர்ச்சி மரத்திருக்கும். அந்த இடத்தில் யாரும் ஒத்தடம் கொடுக்க விடாதீர்கள். சூடு தெரியாமல் கொப்புளம் கட்டிய வயிறுகளுக்கு நானே மருந்து போட்டிருக்கிறேன்.

மூன்றையும் ஒரே நாளில் என்ற அந்தக் கிளினிக்கின் யோசனையை நான் ஏற்க மாட்டேன். மயக்கத்தில் இருக்கும் நேரம் நீள நீள இரத்தம் உறையும் ஆபத்தும் இரத்த இழப்பும் கூடும். வயிறு, இரண்டு கை, இரண்டு தொடை எல்லாவற்றிலும் தையல் இருந்தால் எப்படித் திரும்பிப் படுப்பீர்கள், கழிப்பறைக்கு எப்படிப் போவீர்கள்? புண் தரும் வயிற்றை முதலில் சரிசெய்யுங்கள். குறைந்தது மூன்று மாதங்கள் கழித்து மற்றவற்றை யோசிக்கலாம். கையின் தழும்பு அக்குளிலிருந்து முழங்கைவரை வெளியே தெரியும் என்பதால், முழங்கைவரை கை வைத்த ரவிக்கை போதும் என்று பின்னால் முடிவு செய்தவர்களும் உண்டு, அதில் தவறில்லை.

எப்போது என்பதற்கு உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; வீட்டில் ஆண்கள் இருப்பார்கள், வேலையும் குறையும் என்று பலர் அந்த 61 நாட்களைக் கேட்கிறார்கள். ஆனால் அதுதான் கத்திரி வெயிலும். அந்த வியர்வையில் ஆறு வாரம் இறுக்க உடையோடு இருந்தால் புதுத் தையலிலேயே பழைய புண் திரும்பும். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே எனக்கு ஏற்றதாகத் தோன்றுகின்றன. அதற்குள் இரத்தத்தைச் சரிசெய்யவும் அவகாசம் இருக்கும். மதுரையில் செய்வதானால் பாம்பனிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். குழாய் எடுக்கும்வரை மதுரையிலேயே உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஊர் திரும்பும் நாளில் வழியில் இரண்டு மூன்று முறை இறங்கி நடங்கள்.

செலவைப் பொறுத்தவரை, அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. ஆனால் உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் அவசியச் சிகிச்சை என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சான்றளித்தால், பணம் தர இடம் கொடுக்கும் வாசகம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதியிலேயே இருக்கிறது. நிறுவனம் எளிதில் ஒப்புக்கொள்ளும் என்று உறுதி கூற மாட்டேன். அதனால் இப்போதிருந்தே ஆதாரம் சேருங்கள்: தோல் மருத்துவரின் சீட்டுகள், மருந்து ரசீதுகள், தேதியோடு புண்ணின் புகைப்படங்கள். விண்ணப்பத்தில் மூன்று உறுப்புகளையும் சேர்த்து எழுதினால் அது அழகுக்கானது என்றே படும். வயிற்று மடிப்பை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தனியார் செலவு தாங்காது என்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவில் போய்க் காட்டுங்கள்.

உங்கள் நாத்தனாரோ அக்கம்பக்கத்தாரோ ஏதும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இளைத்த பெண்ணைப் பார்த்து ‘சீக்காளி மாதிரி ஆகிவிட்டாயே’ என்பது நம் ஊரில் அக்கறையாகவே சொல்லப்படுகிறது, கேட்பவருக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் போகிறது. கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். உடம்பை மறைத்து மறைத்து, அவரும் ஒதுக்குகிறார் என்று நீங்களாக முடிவு செய்யும் நிலைக்குப் போக வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாத நாட்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; அறுவை சிகிச்சை தோலை எடுக்கும், அந்தத் துயரத்தை அது தானாக எடுத்துவிடாது.

இந்த வாரமே இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, இரத்தப் புரதமான ஆல்புமின், ஹெச்பிஏ1சி ஆகியவற்றுக்கு எங்கே, எப்படி இரத்தம் கொடுப்பது என்று கேளுங்கள். மூச்சு வாங்குவதையும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் அதற்கு இரத்தசோகை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அன்றே தோல் பிரிவிலும் காட்டிவிடலாம். போகும்போது நீங்கள் போட்டுவந்த அந்தக் களிம்புக் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் மேலட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த மருத்துவருக்கு முதலில் தேவைப்படும்.